கொடுத்தவள் கட்டும் வட்டி

உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று
ஏழு வருடம் பார்த்தேன்.
தொண்டிக் கரையில் கட்டித் தொங்கவிட்டவை
நூற்றுப் பன்னிரண்டு தகடுகள்.
பதினான்கை யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள்;
அதையும் பின்னிணைப்பில் எழுதியிருக்கிறேன்.

நேற்று என் கட்டுரையை நானே திறக்கப் போனேன்.
முப்பத்தொன்பது டாலர் கேட்டது.

காரைக்குடி ஐந்து விளக்குப் பக்கம், டீக்கடையில்
சாத்தப்பன் சிரித்தார். நூலகர்.
"வேலைக்கு வந்த புதிதில்
ஒரே ஒரு கட்டுரை கேட்டு பிராகாவுக்குக் கடிதம் போட்டேன்.
பதில் வருவதற்குள் மகள் நடக்கப் பழகிவிட்டாள்.
இன்று பாதிக்குப் பாதி சும்மா கிடைக்கிறது.
கதவு திறந்துகொண்டுதான் இருக்கிறது, உமையாள்.
மெதுவாக. கீலில் துரு.
உனக்குத் தெரியாததா?"

கதவு திறக்கிறது, சரி.
வாசலில் இருந்த உண்டியல்
என் மேசைக்கு வந்துவிட்டதே.
அடுத்ததை எல்லாரும் படிக்க வேண்டுமானால்
நான் கட்ட வேண்டியது
இரண்டு லட்சத்து எழுபதாயிரம்.

வாங்கியவன்தான் வட்டி கட்டுவான்.
பர்மா வரை கடை வைத்த சீமை இது,
கொடுத்தவள் வட்டி கட்டிய பேரேடு
ஒன்றே ஒன்று காட்டுங்கள்.

"முடியாதவர்களுக்குத் தள்ளுபடி உண்டே."

உண்டு. பட்டியலில் நம் நாட்டைத் தேடினேன்.
நாம் ஏழை இல்லையாம்.

டீயின் ஆடையை விரலால் ஒதுக்கினார்.
"அதுவும் முன்னேற்றம்தானே" என்றார்,
அவருக்கே கேட்காத குரலில்.

இவ்வளவு நேரமும்
ரஹ்மத் நிஷா, இரண்டாம் வருட ஆய்வு மாணவி,
ஒரு கையில் வடையோடு
போனில் என்னமோ தட்டிக்கொண்டிருந்தாள்.
என் பக்கம் திருப்பினாள்.
என் கட்டுரை.
முழுசாக. ஏழாம் படத்தில் என் தகடுகள்,
பல் விழுந்த வாய்போல வரிசை.

எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
நூலகர் ரோட்டைப் பார்த்தார்.

"தொண்டியில் படகுக்கு வெல்டிங் வைக்கிறாரே அருளப்பன்,
எந்தத் தகடு தாங்கியதுன்னு
போன வாரமே கேட்டார், மேடம்.
அனுப்பட்டுமா?"

நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்
ஞாபகம் வந்தது. பக்கம் மூன்று, பத்தி ஐந்து.

"படம் வேண்டாம்" என்றேன்.
"நாலாம் அட்டவணையை அனுப்பு,
விடை அதில்தான் இருக்கிறது."

டீக்காசை சாத்தப்பன் கொடுத்தார், மூன்று பேருக்கும்.
குடித்தவர்தான் கொடுக்க வேண்டும் என்று
நான் வாதாடவில்லை.