பதினோராம் எண் குழாய்

அளக்கிற விதம் இதுதான்:
நிலத்தில் நட்ட குழாய்க்குள் ரப்பர் குழலை இறக்கிக்கொண்டே
மறுமுனையில் வாய்வைத்து ஊத வேண்டும்.
களக் என்று தண்ணீர் பதில் சொல்லும் இடத்தில் நிறுத்தி
எத்தனை சென்டிமீட்டர் என்று பார்க்க வேண்டும்.

பதினொன்று என்னுடையது.
பத்து எடிவால்டோவுக்கு. அவன் அம்மா
இறைச்சி ஆலையில் எலும்பு நீக்குகிறாள்.
பன்னிரண்டு யாருக்கும் வேண்டாதது.
அங்கே போகிற வழியில் மிரின் இடுப்புவரை புதைந்தாள்,
அவளைத்தான் மீட்டோம், இடது பூட்ஸை அல்ல.
இந்தச் சதுப்பு எதையும் அழுக விடாது.
ஆயிரம் வருடம் கழித்து யாரோ தோண்டியெடுத்து
எங்கள் குலத்தாருக்கு ஒற்றைக்கால் என்று எழுதுவார்கள்.

பாசி செத்துச் செத்துப் படிந்த கரிமண்.
வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்.
அப்பா ஓட்டிய இயந்திரம்
ஒரு கோடைக்குக் கையகலம் சுரண்டும்.
எனக்குக் கணக்கு வராது என்பார்கள்.
இந்தக் கணக்கு வந்தது.

மின்நிலையத்தை மூடிவிட்டார்கள்.
அப்பா விடியுமுன் டப்ளின் பேருந்து ஏறுகிறார்.
நிலத்தை உலர்த்த வெட்டிய வாய்க்கால்களை
சனிக்கிழமைதோறும் நாங்கள் எட்டுப் பேர் அடைக்கிறோம்,
பலகை இறக்கி, சம்மட்டியால் அடித்து,
கரிமண்ணை மிதித்து மிதித்து.

நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, முப்பது.
தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது.
இருபத்திரண்டு அன்று
எடிவால்டோ மழையில் நின்று ஆடினான்.
அடுத்த சனிக்கிழமை முப்பத்தேழு.

"ஊதத் தெரியாமல் ஊதியிருப்பாய்."
மறுபடி ஊதினேன். முப்பத்தேழுதான்.
அணைக்கு நடந்தோம்.
பலகைகள் பிடுங்கப்பட்டு
புதர்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.
ஒன்றிலும் விரிசல் இல்லை.
கரையில் வழவழப்பான வெட்டு, இடப்பக்கம் சாய்ந்து.
இடதுகைக்காரனுக்கு அடித்த கரிமண் மண்வெட்டி
எங்கள் வட்டாரத்தில் ஒன்றே ஒன்று,
எங்கள் கொட்டகையில், சைக்கிளுக்குப் பின்னால்.

"யாராக இருக்கும்?" என்றாள் மிரின்.
காளைகளாக இருக்கும் என்றேன்.
காளை பலகை அடுக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

இரவு மேசையில்
ஃபின்டன் சித்தப்பா உருளைக்கிழங்கை என் பக்கம் நகர்த்தினார்.
அவர் நகத்தடியில் கறுப்பு.
என் நகத்தடியிலும்.
"பாத்தியில் தண்ணீர் ஏறுது," என்றார் யாரையும் பார்க்காமல்.
"மார்ச் வரைக்கும் அடுப்புக்கு என்ன செய்ய?"
துண்டுப்பிரசுரத்தில் இதற்குப் பதில் இருந்தது.
நான்தான் வீடுவீடாகக் கொடுத்தேன்.
ஆறிப்போகிற சோற்றுக்கு முன்னால் அதைச் சொல்ல
நாக்கு எழவில்லை.

அணையை நாற்பதடி தள்ளிப் போடலாம்,
அந்த ஒரு பாத்தி உலர்ந்தே இருக்கட்டும் என்றான் எடிவால்டோ.
யாருடைய பாத்தி என்று அவன் சொல்லவில்லை.
எல்லாருக்கும் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.
கொட்டுகிற மழையில் கைதூக்கினோம்.
தள்ளிப் போட ஐந்து, கூடாது என்று மூன்று.
கூடாது என்ற மூவரில் நானும் ஒருத்தி.
ஏன் என்று இன்றுவரை வீட்டில் கேட்கவில்லை.
கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கும் தெரியாது.

பலகைகளை அப்படியே எடுத்து வந்து இறக்கினோம்.
அடுக்கி வைத்திருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

இப்போது புது அணைக்கு உலர்ந்த பக்கம் நிற்கிறது
பதினோராம் எண்.
பத்தில் ஒன்பது, பன்னிரண்டில் ஆறு.
"சிவப்புப் பாசி, வந்து பார்," என்று கத்துகிறான் எடிவால்டோ.
ஒப்பிட ஓர் உலர்ந்த குழாயும் வேண்டும் என்று
அலுவலகத்திலிருந்து வந்த பெண் சொன்னாள்,
ஆறுதலுக்கோ உண்மைக்கோ.

வருகிறேன் என்று கையசைத்துவிட்டு
மண்டியிட்டு ஊதுகிறேன்.
குழல் இறங்கிக்கொண்டே போகிறது,
மூச்சு தீரப்போகிற இடத்தில்,
வெகு கீழே,
களக்.