போ என்றால் இங்கே

வேலந்தாவளம் சோதனைச் சாவடி தாண்டி முந்நூறு அடி.
தக்காளி மண்டிக்குப் பின்னால்
கூட்டுறவுச் சங்கத்து மாடி.
உலக யூதத் திரைப்பட விழா, மூன்று நாள், ஒன்பது படம்
என்று இரண்டு மொழியில் பேனர்.
மலையாளத்தில் ஓரெழுத்து விட்டுப்போயிருந்தது.
செயலாளர் பாவா ராவுத்தர்
நாற்காலி மேல் ஏறி மார்க்கரால் எழுதிச் சேர்த்தார்.

என் வேலை கீழ்வரி.
ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கி வைத்திருந்தேன்.
திரையில் ஆள் வாய் திறக்கையில்
மடிக்கணினியில் அம்புக்குறியை அழுத்த வேண்டும்.
ஒரு வரி முந்தினால் செத்தவன் பேசுவான்.
பிந்தினால்
கல்யாணப்பெண்ணின் வாயில் வக்கீலின் பேச்சு.
இரண்டும் நடந்தது.

முதல் நாள் பதினேழு பேர்.
பால் ஊற்ற வந்த ஞானசெல்வம்
கேனைக் கதவோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.
"யூதருங்கன்னா வேதத்துல வர்றவங்கதானே டீச்சர்?"
புவெனஸ் ஐரிஸில் ஒருவன் கடிகாரம் ரிப்பேர் செய்தான்,
அண்ணியிடம் திட்டு வாங்கினான்,
அரைக்கிலோ இறைச்சியைக் கடனுக்குக் கேட்டான்.
"வேதத்துல இப்பிடி இல்லியே" என்றாள்.
ஆனால் எழுந்து போகவில்லை. பால் திரிந்தது.

இரண்டாம் நாள் படம் முடிந்து விவாதம்.
யூதரை நேரில் கண்டவர் உண்டா என்றார் பாவா.
ஒரே ஒரு கை. அங்கமுத்து.
மட்டாஞ்சேரியில் மூட்டை இறக்கியவர்.
"ஒரு கடைக்காரருக்கு ரெண்டு ரூபா தரணும்.
அடுத்த மாசம் போறேன், பூட்டு.
கப்பலேறிட்டாங்கன்னு சொன்னாங்க.
அட்ரஸ் இருக்குங்களா உங்ககிட்ட?"
பாவா நோட்டில் குறித்துக்கொண்டார்:
'பார்வையாளர் ஒருவர் கடன் ஒப்புக்கொண்டார்.'
வேறென்ன எழுதுவது?

மூன்றாம் நாள் கணவாய்க்காற்று தகரத்தை அடித்தது.
உயரம் மீறியதென்று சாவடியில் நிறுத்தப்பட்ட
வைக்கோல் லாரியின் டிரைவர்
ஃபேன் சத்தம் கேட்டு மேலே வந்தார்.
சட்டையெல்லாம் வைக்கோல்.
பாலைவனத்து ஊர். போருக்குப் போன அப்பன்
வேறு ஆளாய்த் திரும்பி வந்து
வாசலில் நிற்கிறான்.
கதவுக்குப் பின்னால் மகன், ஏழு வயசு.

அப்போது என் மடிக்கணினி அணைந்தது.
படம் பாட்டுக்கு ஓடியது, கீழே வரியில்லாமல்.

பக்கத்து வீட்டுக்காரி அம்மாவைக் கேட்கிறாள்,
அவனுக்கு வேலை இருக்கிறதா, பணம் இருக்கிறதா.
அவள் "ஏன்" என்கிறாள். மறுபடி "ஏன்".
அவர்கள் பாஷையில் அதற்கு 'இல்லை'.
கூடத்துக்கு அது தெரியாது.
'ஏன் கேக்கற' என்று கோபிக்கிறாள் போலும் என
இரண்டு பேர் தலையாட்டினார்கள்.
நான் சும்மா இருந்தேன்.

அப்பன் குனிந்தான். கையை நீட்டினான்.
"போ," என்றான். "போ... போ."

"பெத்த புள்ளையப் பார்த்து
போங்கறான் பாரு," என்றார் டிரைவர், சத்தமாகவே.

எழுந்து நின்றேன். என் நிழல் திரையில் விழுந்தது.
"வான்னு கூப்பிடறாருங்க.
அவங்க பேச்சுல போன்னா வா.
இன்னொரு போ இருக்கு, அதுக்கு இங்கேன்னு அர்த்தம்."
யாரோ சிரித்தார்கள். நிறுத்தினார்கள்.
நிழலை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பையன் கதவை விட்டான்.
"அபா," என்றான்.

சொல்ல வாய் திறந்தேன்.
ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை.

கீழே இறங்குகையில் மணி ஒன்பதரை.
லாரியின் மேல்கட்டைப் பிரித்து இறக்கியிருந்தார்கள்.
சாவடிக்காரர் கம்பைத் தூக்கி,
தூக்கம் கெட்ட மலையாளத்தில்
"போ, போ" என்றார்.
"இங்கதானுங்களே இருக்கேன்!"
டிரைவர் என்னைப் பார்த்துக் கத்தினார்,
இன்ஜினை அணைத்துவிட்டு.
பின்னால் தக்காளி வண்டிகள் ஹாரன் அடித்தன,
கோயம்புத்தூர் வரைக்கும் கேட்கும்போல.

நாற்காலிகளை மடக்கும்போது
ஒன்றில் மட்டும் வைக்கோல்.
தட்டினேன். காற்று அதை உள்ளுக்கே கொண்டுவந்தது.