உருகல்

காசிமேட்டில் நான் கணக்கெழுதும் ஐஸ் கம்பெனி நோட்டில்
ஐந்து கட்டங்கள்:
தேதி, படகு, எத்தனை பார், உருகல், பாக்கி.
நாலாவதைப் பார்த்துவிட்டு
கவிதை எழுதுறியா என்றான் மச்சினன்.
இல்லை. பாருக்கு ஆறு கிலோ. பங்குனியில் ஒன்பது.
கம்பெனிக் கதவிலிருந்து படகுவரை
வெயில் எடுத்துக்கொள்ளும் தரகு.
தடைக்காலம் அறுபத்தோரு நாளும்
அந்தக் கட்டம் காலி.

வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை.
நெய் உருகும், மெழுகு உருகும்.
உப்பு உருகாது, கரையும்.
தண்டையார்பேட்டை ரோட்டில் தார் இளகி
என் மகளின் ஒற்றைச் செருப்பை வாங்கிக்கொண்டது.
உருகச் சூடு போதும்,
கரைய இன்னொரு பொருள் வேண்டுமென்று
அவள் சயின்ஸ் டீச்சர் சொன்னாராம்.
சரிதான்.
ஆனால் இங்கே காக்காவும் கரைகிறது,
பிள்ளையாரும் கரைகிறார்,
இவ்வளவு கல் கொட்டியும்
கரையே கரைகிறது.

மச்சினனுக்குக் கொருக்குப்பேட்டைப் பட்டறையில் வேலை.
அங்கே ஒரு க் கூடுதல்.
பழைய குக்கர் தானாக உருகாது,
அவன்தான் உருக்க வேண்டும்.
உருக்கு என்றால் எஃகும்தான்.
அவ்வளவு கெட்டியானதற்கு
ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள்?
ஒருமுறை உருகி முடித்தது என்பதாலோ என்னவோ.

தை கடைசியில்
ரெமிஜியஸ் படகு ஐந்தாம் நாளே திரும்பியது.
வஞ்சிரத்துக்கு வாங்கிய ஐஸில்
தேசிங்கு படுத்திருந்தான்.
நெஞ்சுவலி. இரண்டு நாள் ஆகியிருந்தது.
அப்படியே கீறான் பாரு, தூங்குறாப்ல, என்றார்கள்.
தூக்கிக்கொண்டு வரும்போது
ஏலக்கூடத்திலிருந்து ஆம்புலன்ஸ்வரை
அவன் சட்டை சொட்டிக்கொண்டே வந்தது.
கூட்டம் உருகியது.
கூடை வியாபாரிகள், ஏலம் விடுகிறவர்,
அவனிடம் சண்டை போட்டு
ஆறு மாதமாகப் பேசாத டிரைவர்கூட.
அவன் பெண்டாட்டி அமுலு மட்டும்
அந்த ஈரத்தை மிதிக்காமல்
ஓரமாக நடந்தாள்.
கல்லு, என்றாள் யாரோ ஒருத்தி.

காரியம் முடிந்து பதினேழாம் நாள் கம்பெனிக்கு வந்தாள்.
"எங்க ஊட்டுக்காரருக்கு எத்தினி பார் ஆச்சி?"
பேனாவை மூடினேன்.
அதெல்லாம் எதுக்கும்மா, ரெமிஜியஸ் பாத்துக்குவாரு,
தேசிங்கு மாதிரி ஒரு ஆளு
இந்தத் துறைமுகத்துலயே...
"ஐஸ் வெக்காதண்ணா. கணக்கச் சொல்லு."

படகில் சொன்னது பதினொன்று.
அதையே சொன்னேன்.
"உருகல் போவ?"
மீன் விற்கிறவள், நாலாவது கட்டம் தெரியாதா.
தை மாசம், பாருக்கு ஆறு.
அறுபத்தாறு கிலோ படகுக்குப் போகிற வழியிலேயே போனது,
அதற்கு யாரும் காசு தர வேண்டாம்.
மீதியும் உருகியதுதான்.
ஆனால் நடுக்கடலில்,
அவன் முதுகுக்கடியில், அக்குளில், காலிடுக்கில்,
அவன் அவனாகவே வந்துசேர.
அதற்கு நோட்டில் கட்டம் கிடையாது.
அதற்குத்தான் அவள் காசு எண்ணினாள்.

வாங்கிக்கொண்டேன்.
மனசே இல்லையா உனக்கு என்று வீட்டில் கேட்டார்கள்.
வாங்காவிட்டால் அவள்
அங்கேயே நின்றிருப்பாள் என்று
எப்படிச் சொல்வது.
ரசீதும் கேட்டாள்.
படகு என்ற இடத்தில் தேசிங்கு என்று எழுதச் சொன்னாள்.
பாக்கியில் ஒரு கோடு.

வெளியே ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கத்தில்
கொஞ்ச நேரம் நின்றாள்.
தெறித்து விழுந்த சில்லு ஒன்றை எடுத்து
விரல்களை மூடிக்கொண்டாள்.
ஷேர் ஆட்டோ வர நேரமாயிற்று.
வந்ததும்
கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏறினாள்.