மஞ்சள் பட்டை

மூன்று மாதமாய் என் வலத் தோள்
கோபித்துக்கொண்ட சம்பந்தி.
எதைக் கேட்டாலும் மறுக்கும்,
கேட்காமல் விட்டால் குத்தும்.
பீரோவின் மேல்தட்டு வெளிநாடாகிவிட்டது.
உள்ளாடைக் கொக்கியை முன்பக்கம் மாட்டி
பின்பக்கம் சுற்றித் தள்ளுகிறேன்.
மூங்கில் போன்ற தோள் என்று பாடிவைத்தவர் ஒருவரும்
மூங்கிலிடம் கொக்கி மாட்டச் சொன்னதில்லை.

காரைக்குடியில், செக்காலை ரோட்டு மாடியில்,
பிசியோ ஜெனிலா மேரி
கையைத் தூக்கிப் பார்த்தாள், இறக்கினாள்.
"என்ன வேலை பாக்குறீங்க?"
கணக்குத் தணிக்கை.
"அது இல்ல. இந்தத் தோள வச்சு."
மின்விசிறியைக் கொஞ்சம் பார்த்துவிட்டு
கோல்ஃப் என்றேன்.
பக்கத்துக் கட்டிலில் கழுத்துப்பட்டை போட்ட டவுன் பஸ் டிரைவர்
திரும்ப முடியாமல் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

எங்கே ஆடுகிறாய் என்று நீங்களும் கேட்பீர்கள்.
பள்ளத்தூரைத் தாண்டி ஒரு கண்மாய்.
தண்ணீர் இல்லாத ஏழு மாதமும் அது என்னுடையது.
மடையடியிலிருந்து கலுங்கு வரை நூற்றுப்பத்து கெஜம்,
என் ஏழாம் இரும்புக்கு அளந்து வெட்டியது போல.

ஈப்போவில் கணவர் பாதியில் விட்ட ஆட்டத்தை
நான் பிடித்துக்கொண்டேன்.
பிறகு அவரையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.
மட்டைப் பைக்காக விமானத்தில் கட்டிய கூடுதல் சுமைக் கட்டணம்தான்
அந்தக் கல்யாணத்தில் நான் மனசாரச் செய்த செலவு.

"பிழை தோள்ல இல்ல," என்றாள் ஜெனிலா.
"இடுப்பு திரும்ப மாட்டேங்குது, கை வீசி ஈடுகட்டுது.
நீங்க ஆடிட்டர்தானே?
இடுப்பு வாங்குன கடனத் தோள் கட்டிக்கிட்டிருக்கு."
இருபது வருடம் அடுத்தவர் ஏட்டில் தேடிய திருட்டு
என் முதுகிலேயே நடந்திருக்கிறது.

மஞ்சள் ரப்பர் பட்டை தந்தாள்.
ஜன்னல் கம்பியில் முடிச்சு.
முழங்கை விலாவோடு, இடுக்கில் ஒரு மடித்த துண்டு.
கதவு திறப்பதுபோல் வெளியே இழு.
திறப்பது சுலபம்.
பட்டை பறித்துக்கொள்ள விடாமல்
மெதுவாய், மெதுவாய் மூடுவதில்தான்
வியர்வை.
பதினைந்து. அப்புறம் இன்னொரு பதினைந்து.

கடைசியில் சுவரைத் தள்ளவேண்டும்.
வழுவழுப்பென்று சுற்றுலாக்காரர்கள் தடவிப் பார்க்கும் சுவர்.
நான் தள்ளுகிறேன்.
நூறு வருடமாய் நிற்பது எனக்காக ஏன் நகரும்?
நகரவேண்டியது என் தோள்பட்டை எலும்பு,
முதுகோடு படிந்து, ஒரு விரற்கடை.

எட்டாம் வாரம் சிவப்புப் பட்டைக்கு உயர்வு,
பாதி வீச்சுக்கு அனுமதி.
மேகம் கூடிய ஒரு சாயங்காலம் மடையடியில் நின்றேன்.
குதிகாலை ஊன்றி, இடுப்பை முதலில் அனுப்பி,
கையைக் கடைசியாய் வரச் சொன்னேன்.
டக்.
எழுபது கெஜம்தான். ஆனால் நூல் பிடித்த நேர்.

ஆட்டோடு நின்ற பூமயில்,
காணாமல் போன பந்துக்கு ஐந்து ரூபாய் வாங்குகிறவள், சொன்னாள்:
"இன்னைக்குச் சத்தம் வேற மாதிரி இருக்கு, ஆச்சி."
சொல்லிவிட்டுத் தன் தோளைப் பிசைந்தாள்.
தொரட்டியால் கருவேலங்காய் உலுக்கி உலுக்கி
ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லையாம்.

மஞ்சள் பட்டையைக் கொடுத்தேன்.
மரத்தில் கட்டி, துண்டுக்குப் பதில் முந்தானையைச் சுருட்டி,
செய்து காட்டினேன். அவளும் செய்தாள்,
என்னைவிட ஒழுங்காய்.

அடுத்த வாரம் போனால்
பட்டையின் ஒரு முனையில் மரம்,
மறுமுனையில் ஒரு கிடாய்க்குட்டி.
"கயிறுன்னா கழுத்த அறுக்குது, ஆச்சி.
இது இழுத்தா குடுக்குது.
நான் காலையில செஞ்சிட்டுத்தான் கட்டுறேன்."

குட்டி முன்னே பாய்ந்தது. பட்டை நீண்டது.
கால் ஊன்றி, மெதுவாய்ப் பின்னால் வந்தது.
மறுபடி பாய்ந்தது.
மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு எண்ணினேன்.
பதினொன்று, பன்னிரண்டு.
மூடும்போது அவசரப்படுகிறது.