கழித்தல் குறி

வீட்டை நாங்களேதான் கண்டுபிடித்தோம்.
என் பள்ளிப் பேருந்தின் பதினேழாவது நிறுத்தத்துக்கு எதிரே,
பாசி ஏறிய கூரை, மஞ்சள் கதவு,
புல்தரையில் நட்டு மூன்று நாளான பலகை.
காலை ஏழு பத்துக்குச் சிவப்பு விளக்கை எரியவிட்டு
பிள்ளைகள் ஏறி முடிக்கும்வரை
அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே கொரின் ஹால்டர்சன் செய்தது
பூட்டைத் திறந்தது மட்டும்.
இரண்டு முறை திறந்தாள்.
நூற்றுக்கு இரண்டரை தரகு என்றால்
பத்தாயிரத்து முந்நூறு டாலர்.
ஒரு திறப்புக்கு ஐயாயிரத்து நூற்றைம்பது
என்று போஹ்தானிடம் கணக்குச் சொன்னேன்.
அவன் சிரிக்கவில்லை.

ஆற்றுக்குத் தெற்கே, ஓரிகன் பக்கம்,
தரகர் தன் பங்கில் கிள்ளிக் கொடுப்பதைச் சட்டம் விடாதாம்.
வடக்கே எங்கள் வான்கூவரில் கொடுக்கலாம்.
(கனடாவில் இருப்பது இல்லை, இது ஏழை வான்கூவர்.)
கொடுக்கலாம், ஆனால் கேட்க வேண்டும்.
அக்கரைக்கு இக்கரை பச்சை என்பார்களே,
ஒரு தடவையாவது
நான் நிற்கிற கரை பச்சை.

"நீ கேள்" என்றேன்.
"நீயே கேள்" என்றான்.
பதினெட்டு வருஷமாக ஓடு பதிக்கிறவன்.
குளியலறை முடிந்து, முழங்கால் வீங்கி,
அவன் கை கழுவிக்கொண்டிருக்கும்போது
"இரண்டு நாள் வேலைதானே, கொஞ்சம் பார்த்துக் குறையுங்களேன்"
என்கிற வீட்டுக்காரர்களின் குரல்
தூக்கத்திலும் அவனுக்கு அடையாளம் தெரியும்.
அந்தக் குரலில்தான் நான் பேசப்போகிறேன்.

பேசினேன். பாதி கேட்டேன்.
காபிக் கோப்பையின் மூடியை
அவள் சுற்றிச் சுற்றி அழுத்தினாள்.
"நிறுவனம் எடுத்தது போக
எனக்கு வருவதே பாதிதான், ஹலீனா.
நாலாயிரம் தருகிறேன். எழுத்தில் தருகிறேன்.
வங்கிக்கும் சொல்லிவிடுவோம், ஒளித்தால் கடன் நின்றுவிடும்."
கோபம் இல்லை.
பல்வலி உள்ளவள் பேசுவதுபோல் பேசினாள்.

அடுத்த செவ்வாய்
வீட்டுப் பரிசோதகர் தரைக்கடியிலிருந்து வெளியே வந்து
எல்லாம் சரி என்றார்.
கொரின் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு
அதே ஓட்டைக்குள் தவழ்ந்து போனாள்.
சமையலறையில் நின்றபடி நாங்கள்
எங்கள் காலுக்குக் கீழே அவள் நகர்வதைக் கேட்டோம்.
தட். தட். தட்.
பிறகு ஓர் இடத்தில் சத்தமே வரவில்லை.

வெளியே வந்தபோது முழங்காலில் சேறு,
முடியில் சிலந்தி வலை,
உள்ளங்கையில் கேக் மாதிரி உதிர்ந்த ஒரு தூணின் மரம்.
விற்பவர் ஆறாயிரம் இறங்கினார்.

போஹ்தான் அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"அந்த நாலாயிரத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?"
காரில் கேட்டான்.
நான் பதில் சொல்லாமல் இருந்தேன் என்று எழுத ஆசை.
பொய் எதற்கு.
"வண்டியை எடு" என்றேன்.

கையெழுத்து நாளில்
மூன்றாம் பக்கத்தில் வந்தது ஒரே ஒரு வரியாக.
முன்னால் கண்ணுக்கு எட்டாத கழித்தல் குறி.
நாங்கள் அதைத் தொடவில்லை, எண்ணவில்லை,
உறையில் போட்டு யாரும் நீட்டவில்லை.
போஹ்தானின் பேனா அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு
மேலே போனது.
கொரின் ஜன்னலுக்கு வெளியே
யாரோ கார் நிறுத்தத் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விற்பனைக்கென்று படம் பிடித்து வைத்திருந்த
அவனுடைய ஓடு வெட்டும் இயந்திரத்தை
விற்க வேண்டிவரவில்லை.
அவ்வளவுதான் அந்த நாலாயிரம்.

முதல் ராத்திரி மழை.
கட்டில் வந்து சேரவில்லை.
கார் கொட்டகையில் இயந்திரத்தைச் செருகி
ஓடுகிறதா என்று பார்த்தான்.
தண்ணீர் சுவரெங்கும் தெறித்தது,
பக்கத்து வீட்டு நாய் எங்களை அறிமுகம் செய்துகொண்டது.
மூலையில் கிடந்த வெள்ளை ஓடு ஒன்றை எடுத்து
நடுவாகக் குறி வைத்து வெட்டினான்.

இரண்டு துண்டில் எது பெரியது என்று
இரண்டு பேருமே பார்த்தோம்.