படம் எங்கே நிற்கும்

ஹட்டனில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர்.
ஜன்னலைச் சாத்தினால் பூஞ்சணம் மணக்கும்.
திறந்தால் மூடுபனி வந்து கீபோர்டில் உட்காரும்.
இன்றைக்கு இருநூற்றுப் பதினாறு வேர்ட் கோப்புகள்,
மண்சரிவுக்குப் பிறகு எடுத்த கணக்கு:
எந்த லயம், எத்தனை வெடிப்பு, எத்தனை தலை.

மாற்றித் தருகிற புரோகிராமுக்கு
படம் என்பது வழியில் கிடக்கும் மூட்டை.
எங்கே கண்டாலும் தூக்கும்,
எழுத்தெல்லாம் முடிந்த பிறகு
ஓரமாக இறக்கிவைக்கும்.

முதல் ஓட்டத்தில்
அட்டவணைக் கட்டங்களிலிருந்து
அத்தனை முகமும் இறங்கிவிட்டது.
மேலே பெயர்கள் மட்டும்,
செபமாலை ரூபவதி, ஆண்டி தவமலர்,
பெரியண்ணன் கோகிலதேவி.
கீழே நாற்பத்தொரு முகங்கள்,
அந்த இரவு பள்ளிக்கூட மண்டபத்தில்
பாய்க்குப் பாய் நெருக்கிப் படுத்தமாதிரி.
எந்தப் பெயர் யாருக்கு என்று
கேட்டால் சொல்ல ஆளில்லை.

செட்டிங் கோப்பில் ஒரே ஒரு வரி.
படம்: வெளியே.
அதைப் படம்: உள்ளே என்று மாற்றினேன்.
முகங்கள் ஏறிப்போய்
அவரவர் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டன.
“அட, இவ்வளவுதானா?” என்றான் இஸ்மத்.

உள்ளே என்றால் எதற்குள்ளே?
பந்திக்குள்ளேயா,
பந்தியைச் சுற்றிய பகுதிக்குள்ளேயா,
இல்லை, விளக்கவரியும் தானுமாய்க் குடியிருக்க
படம் தனிக்காம்பரா கேட்குமா?

காம்பரா, அது இருக்கிற லயம்,
லயம் இருக்கிற கீழ்ப்பிரிவு,
பிரிவு இருக்கிற ஆர்ட்மேவன் தோட்டம்.
பன்னிரண்டு வயதுவரை என் முகவரியை
உள்ளேயிருந்து வெளியே இப்படித்தான் எழுதினேன்.
கடிதம் மட்டும்
வெளி வாசலோடு நின்றுவிடும்.
திறந்த ஒவ்வொன்றையும் மூடவேண்டும் என்பதைத்தான்
இந்த வேலைக்கு வந்து படித்தேன்.

நூற்று எழுபதாவது கோப்பு.
கணக்கெடுத்த தர்மகீர்த்தன்
வாக்கியத்தின் நடுவிலேயே படத்தைச் செருகியிருக்கிறார்.
“பின்சுவரில்” என்கிறார். பிறகு படம்.
பிறகு, “இவ்வளவு இடைவெளி.”
வெடிப்புக்குள் செங்குத்தாக நிற்கிறது
ஓர் ஐந்து ரூபாய்க் குற்றி.
படத்தை வெளியே எடுத்தால்
இவ்வளவு என்பது எவ்வளவு?
இதற்கு மட்டும் விலக்கு எழுதினேன்:
சொல்லோடு சொல்லாக நிற்கட்டும்.

பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.
வெடிப்புக்கு இடப்பக்கம், ஆணியில்,
சட்டம் போட்ட இன்னொரு படம்.
அதில் ஐந்து பேர். கலியாணச் சாரி,
பவுடர் அப்பிய ஒரு பிள்ளை, கண்ணை மூடிவிட்ட ஒருவர்.
பின்னால் இதே பச்சைச் சுவர்,
ஒரு கீறலும் இல்லாமல்.

படத்துக்குள் இருக்கிற படத்துக்கு
என்னிடம் டேக் இல்லை.
எத்தனை அடுக்கு என்றாலும் இறங்கிப்போகிற புரோகிராம்
சுவர்வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது.

மாற்று வாசகம் என்று ஒரு கட்டம் மிச்சமிருந்தது,
கண் தெரியாதவருக்கு,
சிக்னல் செத்த மலைகளுக்கு.
தர்மகீர்த்தன் அதில் ‘படம்4’ என்று விட்டிருந்தார்.
அழித்துவிட்டு எழுதினேன்:
பின்சுவர். கூரையிலிருந்து தரைவரை வெடிப்பு,
ஐந்து ரூபாய் நுழையும்.
இடப்பக்கம் ஒரு கலியாணப் படம்,
நேராகத் தொங்குகிறது.

“நேராக எதுக்கு? அத எடு,” என்றான் இஸ்மத்.
தேத்தண்ணிக் கோப்பையோடு குனிந்து
கொஞ்ச நேரம் பார்த்தான்.
“மலையே குலுங்கியிருக்கு. இது எப்படி நேரா நிக்கும்?
போட்டோ எடுக்க முந்தி
ஆரோ சரிபண்ணியிருக்காங்க.”
பிறகு,
“விடு. இருக்கட்டும்.”

ஓட்டினேன்.
இருநூற்றுப் பதினாறும் போய்ச் சேர்ந்தன.
பிழை இல்லை.
எச்சரிக்கை ஒன்று:
மாற்று வாசகம் நீளம் அதிகம்.