ஐம்பத்தெட்டுக் காதுகள்

கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில்
எட்டுக்கு எட்டு கட்டம்.
நான்கு மூலையிலும் மின்முனை கிடையாது. மீதம் அறுபது.
அதிலொன்று கேட்பதற்கல்ல,
மற்றவை கேட்டதை ஒப்பிட்டுப் பார்க்க
வைத்திருக்கும் மௌனம்.
நாற்பத்தேழாம் எண் பழுது.
நவம்பரில் நான்தான் பஞ்சால் துடைத்துக் கெடுத்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே தாம்பெரேயில்
பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
பெட்டிக்குள் முப்பத்தேழு.
உடம்பின் சூடு,
உடம்புதான் இல்லை.

ரைலி குவோஸ்மானென்
டிராம் ஓட்டியவர்.
மரபணுச் சோதனைக்குப் பிறகு
பணிமனையில் சாவி எடுத்துக் கொடுக்கிறார்.
போன வசந்தத்தில், முழங்கைக்கு மேல்,
பருப்பளவு தோல் தந்தார்.
தோல் என்பதையே அதை மறக்கச் செய்து
இதயம் என்று நம்ப வைக்க
எட்டு மாதம்.
கடுகிலும் சிறிய துண்டு
ஒரு செவ்வாய்க்கிழமை
யார் சொல்லியும் அல்ல,
துடித்தது.

இன்று பார்க்க வந்திருக்கிறார்,
எங்கள் வெள்ளை அங்கிக்குள்
தொலைந்துபோன தோள்களோடு.

திரையில் கட்டத்துக்கொரு கோடு.
கோட்டில் ஒரு கூர்முனை,
பின்னால், தாமதமாய், ஒரு சிறு மேடு.
இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதுதான்
என் பிழைப்பு.
அந்தத் தூரம் நீளும் குடும்பத்தில்
யால்மரி என்று ஒரு தம்பி இருந்தான்.
நன்றாக நீந்துவான்.
ஜூலை, இடுப்பளவு ஏரி,
கரையில் அவனுக்கு ஊற்றிய காபி.

"சத்தம் வருமா?"
விதிமுறையில் இல்லாத கேள்வி.
முப்பத்து மூன்றை ஒலிபெருக்கியில் இணைத்தேன்.
டொக்.
டொக்.
"தடம் பிரியும் இடத்தில்
சக்கரம் இப்படித்தான் பேசும்" என்றார்.
மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார்:
அங்கே எழுபத்தொன்று, கிண்ணத்தில் ஐம்பத்திரண்டு.
"என்னைவிட நிதானம். இதன் குறுக்கே
யாரும் சைக்கிளில் வருவதில்லை."

பிறகு மருந்து.
குளிர்நீரில் குதித்தவனுக்குள் என்ன சுரக்குமோ
அது, ஒரு துளியில் பாதியின் பாதி.
துடிப்பு ஓடத் தொடங்கியது.
மேடும் கூடவே ஓடி வரவேண்டும்.
வரவில்லை. தள்ளிப் போனது.
இன்னும் தள்ளி.
டொக் விழவேண்டிய இடத்தில்
குளிர்பெட்டியின் இரைச்சல் கேட்டது.

ரைலியின் இடது கை
காற்றில் பிரேக்கைத் தேடியது.

டொக்.

"எவ்வளவு நேரம்?"
"இரண்டரை நொடி."
"நகருக்குள் அதற்கு இருபது மீட்டர்" என்றார்,
ஓட்டிய பழக்கத்தில்.
கொஞ்சம் கழித்து,
"கரை அவ்வளவு தூரம்கூட இல்லை."

அங்கியைக் கழற்றி மடித்து வைத்தார்,
யாரும் மடிப்பதில்லை அதை.
மாத்திரையின் பெயரை
சாவிக்கொத்து அட்டையில் குறித்துக்கொண்டார்.
கதவருகே திரும்பி, கிண்ணத்தைப் பார்த்து
ஏதோ சொல்ல நினைத்து
என்னிடம் பேருந்து நேரம் கேட்டார்.

ப்ளீச் ஊற்றும் முன்
குறிப்பேட்டைத் திறந்தேன்.
நாற்பத்தேழு கேட்காது.
நவம்பரிலிருந்து.
என் கை.